கரையின் அகலம்

பார்டர் என்ற ஆங்கிலச் சொல் தமிழில் குடியேறி வெகுகாலமாகிறது. தாம்பரம் சண்முகம் சாலையில் துணிக்கடை ஏறிப் புடவை எடுப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது பெரிய பார்டரா, சின்ன பார்டரா என்பதுதான். தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளை பார்டரில் பாஸ். பட்டாளத்துக்குப் போன மகன் பார்டரில் இருக்கிறான். மனை விற்பவர்கள் மாநகராட்சி பார்டரை ஒட்டி என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். நான்கு பேச்சிலும் சொல் ஒன்று. சுட்டும் பொருள் ஒன்றில்லை. புடவையின் பார்டரை விரல் வைத்து அளந்துவிடலாம்: இரண்டு விரல், நான்கு விரல், ஒரு சாண். அதற்கு நிறமும் கனமும் உண்டு. தேர்வின் பார்டருக்கும் மாநகராட்சியின் பார்டருக்கும் அகலமே கிடையாது. 35 வாங்கினால் இந்தப் பக்கம், 34 என்றால் அந்தப் பக்கம். நடுவே நிற்க இடமில்லை. அகலமுள்ள ஒரு பட்டையும் அகலமற்ற ஒரு கோடும் எப்படி ஒரே பெயருக்குள் அடங்கின? சொல்லாராய்ச்சியாகத் தொடங்கும் இந்தக் கேள்வி அதோடு நிற்பதில்லை. ஏரிகளுக்கு நடுவே மனை மனையாக வளர்ந்த தென்சென்னைப் புறநகரில், மழைநீர் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வியும் இதற்குள்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் தடத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் முதலில் எதிர்ப்படுவது பட்டைதான். 14ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ‘போர்ட்யூர்’ என்ற வடிவில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. கேடயத்தைச் சுற்றித் தீட்டிய வண்ணப் பட்டைக்கும், ஆடையின் ஓரத்தில் வைத்துத் தைத்த கரைக்கும் அது பெயர். அதற்கும் முன்னால் ஜெர்மானிய மொழிகளில் ‘போர்ட்’ என்றால் பக்கம், விளிம்பு, குறிப்பாகக் கப்பலின் பக்கவாட்டு. கப்பலின் வலப்புறத்தை ஸ்டார்போர்ட் என்பதில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாட்டின் ஓரத்தைச் சொல்லவும் அதே 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அப்போதும் அது கோடாகிவிடவில்லை. எல்லைப்புற நாட்டுக்கு ஆங்கிலத்தில் முன்பு வழங்கிய சொல் ‘மார்ச்’. டென்மார்க் என்ற பெயரின் பின்பாதியும், எல்லைப்புறத்தைக் காத்த பிரபுவின் பட்டமான மார்க்கீஸும் அதன் உறவுகள். 16ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு பார்டர் அதன் இடத்தில் உட்கார்ந்தது, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான். அங்கே பார்டர் என்றால் மைல் கணக்கில் அகலமான ஒரு சீமை. குடும்பங்கள் இருபுறமும் உறவும் பகையும் கொண்டு மாடு ஓட்டித் திரிந்த சீமை. இன்றும் ஸ்காட்லாந்தில் ‘பார்டர்ஸ்’ என்பது மக்கள் குடியிருக்கும் ஒரு வட்டாரத்தின் பெயர். அளவைச் சங்கிலியும் வரைபடமும் அரசாங்கத்தின் கைக்கு வந்தபிறகே அந்தப் பட்டை மெலிந்து மெலிந்து மைக்கோடானது. விளிம்புக்கு ஆங்கிலத்தில் இன்னும் எளிய சொல் ‘எட்ஜ்’. அதன் பிறப்பிடம் வாள்; வெட்டும் ஓரம் என்பதே அதன் பழைய பொருள். ஆக, விளிம்பைப் பற்றி அந்த மொழிக்குள்ளேயே இரண்டு கற்பனைகள் இருந்தன. ஒன்று வாளிலிருந்து வந்து வெட்டுவது. மற்றது துணியிலிருந்து வந்து பிடித்து வைப்பது. இன்று பார்டர் என்ற சொல்லை உலகம் ஆளும் விதத்தில், துணியில் பிறந்த சொல் வாளின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

தமிழில் இதற்கு நேர் நிற்கும் சொல் கரை. ஆற்றுக்குக் கரை, ஏரிக்குக் கரை, கடலுக்குக் கரை, வேட்டிக்கும் புடவைக்கும் கரை. கட்சிக்காரர்களைக் கரைவேட்டிகள் என்றே ஊர் அழைக்கிறது. நீருக்கும் துணிக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி, இரண்டிலும் ஒரே குணத்தைக் கண்டிருக்க வேண்டும். அந்தக் குணத்தைத் தெரிந்துகொள்ள அனகாபுத்தூருக்குப் போகலாம். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் அந்த ஊர் அடையாற்றின் கரையில் இருக்கிறது; நெசவாளர்களின் ஊரும்கூட. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்று வணிக உலகம் அழைத்த கட்டம்போட்ட துணி இங்கே தறியில் விளைந்து நைஜீரியாவுக்குக் கப்பல் ஏறியது. அந்தச் சந்தை வற்றியபின் வாழைநாரிலும் சணலிலும் நெய்து பார்த்த ஊர் இது. தறியில் கரை எப்படி உண்டாகிறது? கடைசியில் ஒட்டவைக்கும் வேலை அங்கே இல்லை. பாவு ஓட்டும்போதே இரண்டு ஓரத்துக்கும் வேறு சாயத்தில் இழைகள் வைக்கப்படுகின்றன. ஊடை நூல் நாடாவில் ஏறி ஒரு கரையில் தொடங்கி, உடலைக் கடந்து, மறுகரையைத் தொட்டுத் திரும்புகிறது. உடலுக்கும் கரைக்கும் ஒரே ஊடை. துணி நைவதும் கிழிவதும் ஓரத்தில் தொடங்குவதால் அங்கே இழை நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது தறிக்காரர்களுக்கு அரிச்சுவடி. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வேண்டும் என்பதற்காக மூன்று நாடா ஓட்டுகிறார்கள். அப்போதுகூட உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டுதான் திரும்புகின்றன. கோர்வை என்ற பெயரே அந்தக் கோப்பிலிருந்து வந்தது. தனி நிறம், தனி இழை, ஆனாலும் உடலோடு பின்னிய பிடிப்பு. தறி நமக்குச் சொல்லும் விளிம்பு இதுதான்.

கரைக்கு இன்னொரு பொருளும் உண்டு. இன்றைய பேச்சில் மங்கிவிட்ட அதைச் செங்கல்பட்டுச் சீமையின் பழைய நில ஆவணங்களில்தான் பார்க்க வேண்டும். காணியாட்சி ஊர்களில் நிலத்தில் ஒருவருக்கு உள்ள பங்கைக் கரை என்றார்கள். பங்காளிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிலங்களை மாற்றிப் பிரித்துக்கொள்ளும் ஊர் பசுங்கரை. ஒரே முறையாகப் பிரித்து முடித்துவிட்ட ஊர் அறுதிக்கரை. சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1818இல், காணியாட்சியின் மறுபெயரான மிராசு உரிமை பற்றி எழுதியபோது இந்த ஏற்பாட்டை விரிவாகவே பதிவு செய்தார். ஓரத்தைக் குறிக்கும் சொல் பங்கையும் குறித்தது ஏன்? ஓரம் என்பது எப்போதும் இருவருக்குப் பொது என்பதால் இருக்கலாம். லத்தீனில் ஓடைக்கு ‘ரிவுஸ்’. ஒரே ஓடையின் நீரைப் பயன்படுத்துகிறவர்கள் ‘ரிவாலிஸ்’. அதிலிருந்துதான் எதிராளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ரைவல் வந்தது. நம்மிடமும் பங்காளி என்றால் பங்குள்ளவன். பங்காளிச் சண்டை என்றதும் அவனே எதிராளி. நீரோரத்தில் நட்பும் பகையும் ஒரே இடத்தில் முளைப்பதை இரண்டு மொழிகளும் தனித்தனியே கண்டிருக்கின்றன. இந்த மோதலை வரைபடத்துக் கோடு தீர்த்துவிடுவதில்லை. பங்கு வைக்கும் முறை தேவைப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபை ஏரிக்கென்று தனி வாரியம் வைத்திருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஏரியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. தொண்டை மண்டலத்து ஏரி கிணற்றைப்போல நாற்புறமும் சுவர் எடுத்தது இல்லை. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் வில்லாக ஒரு மண்கரை, அதில் மதகு. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைநீர் பரவலாக வழிந்து உள்ளே வருவதற்கான வாசல் அந்தத் திறப்புதான். கரைக்கு உட்புறம் நீர் பரவும் நிலம் உள்வாய். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே நீர் ஏறி நிற்கும், பங்குனியில் பின்வாங்கும், வற்றிய இடத்தில் மாடு மேயும், சில ஆண்டுகளில் வெள்ளரியும் விளையும். நீரின் விளிம்பு ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும். கூடுதல் நீர் வெளியேறும் முனைக்குக் கோடி என்று பெயர். ஏரி கோடி போகிறது என்றால் நிறைந்து வழிகிறது என்று அர்த்தம். வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை என்று இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஏரி உண்டு. ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் வரவாகப் போய், கிழக்கே வழிந்தது பள்ளிக்கரணைச் சதுப்பிலும் மேற்கே வழிந்தது அடையாற்றிலும் சேர்ந்தது. இப்படிப்பட்ட நீர்நிலைக்கு எந்த இடத்தில் எல்லை போடுவது? கோடையில் அளந்தால் ஒரு வடிவம், ஐப்பசியில் அளந்தால் வேறு வடிவம். நீரும் நிலமும் முறைவைத்து ஆளும் ஒரு பட்டைதான் ஏரியின் உண்மையான விளிம்பு.

அந்தப் பட்டையைக் கோடாக்கியவை புலப்படமும் மனைப்படமும். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் ஒவ்வொரு புல எண்ணையும் கல் நட்டுப் பிரித்து வைக்க வழி செய்தது. வருவாய்க் கணக்கில் தீர்வை இல்லாத நிலம் புறம்போக்கு என்ற பெயரில் ஒதுங்கியது. பயிர்க்கணக்குக்குப் புறம்பாகப் போனது என்ற அந்தச் சொல், உதவாக்கரை என்பதுபோலவே வசவாகவும் மாறியது. ஊருக்கெல்லாம் பொதுவான நிலத்தின் பெயரை வசவாக்கிய சமூகம் அந்த நிலத்தை எப்படி நடத்தும் என்று தனியே சொல்ல வேண்டுமா? 1928இல் தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியம் திறந்தார்கள். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. நல்ல காற்று, அகலமான நிலம், பட்டணத்தின் விளிம்பு என்பதே அன்று தாம்பரத்தின் மதிப்பு. ரயில் பாதையையும் ஜி.எஸ்.டி. சாலையையும் பிடித்துக்கொண்டு நகரம் தெற்கே நகர நகர, விளிம்பின் மதிப்பு சதுர அடிக் கணக்குக்கு மாறியது. உள்வாயின் மேட்டுப் பக்கம் பத்து ஆண்டு நீர் ஏறாமல் கிடந்தால் அது வெறும் நிலமாகக் கண்ணுக்குத் தெரியும். அங்கே மனை பிரித்தவர்களுக்கு ஆவணத்தில் ஒரு கோடு இருந்தது. நீருக்கு அந்தக் கோடு தெரியாது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு போயிற்று. அடையாற்றின் நீர் அன்று தன் பழைய அகலத்தை அளந்து காட்டியது என்பதே சரியான விவரிப்பு.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு மொழியறிந்தவர்களுடையது: ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதை வைத்து இன்று அது என்ன பொருள் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது பிழை. நியாயமான மறுப்பு. கரை என்ற பெயர்ச்சொல்லையும் கரைதல் என்ற வினையையும் இணைத்து, கரைவதால்தான் கரை என்று அழகாகச் சொல்லிவிட யாருக்கும் ஆசை வரும். ஆனால் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. என் வாதம் வேரின்மேல் நிற்கவில்லை, வழக்கின்மேல் நிற்கிறது. தமிழர் வாயில் பார்டர் என்ற இரவல் சொல்கூட எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குத் தென்காசிப் பக்கத்துப் பிரானூர் சாட்சி. அங்கே பரோட்டாவுக்குப் பேர்போன இடத்துக்குப் பார்டர் என்றுதான் பெயர். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் இரு அரசுகளின் எல்லை அங்கே இருந்தது. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது எல்லைக்கோடு மேற்கே மலைப்பக்கம் போய்விட்டது. கோடு போன பிறகும் பார்டர் போகவில்லை. கடைகளும் வண்டிகள் நிற்பதும் சாப்பாடும் சேர்ந்து அது ஓர் இடமாகவே இருக்கிறது. விளிம்பை இடமாகப் பார்க்கும் கண் நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. திட்டம் தீட்டும் மேசையில்தான் அது காணாமல் போயிற்று.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. கோடு இல்லாமல் நிர்வாகம் நடக்காது. கோடு இல்லாததால்தான் ஏரிகள் பறிபோயின. எது ஏரி, எது பட்டா என்று கல் நட்டுத் தெளிவாகச் சொல்லியிருந்தால் யாரும் உள்ளே நுழைந்திருக்க முடியாது. தமிழக அரசு 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் சட்டம் கொண்டுவந்தபோது, முதல் வேலையாக எல்லைகளை அளக்கச் சொன்னது இதனால்தான். இந்த மறுப்பில் பாதியை ஏற்கிறேன். கோடு வேண்டும். ஆனால் கரைக்கு இரண்டு ஓரம் உண்டு, ஆகவே இரண்டு கோடு வேண்டும். அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்துக்குத் தனி விதி வேண்டும். ஒரே கோடு போட்டால், அதை ஒட்டி அங்குலம் விடாமல் கட்டும் உரிமையைக் கோடே கொடுத்துவிடுகிறது. ஏரியைக் காப்பதாக நினைத்து நாற்புறமும் கரை உயர்த்தி நடைபாதை போட்டு விளக்கு வைக்கிறோம். திறந்திருக்க வேண்டிய மேட்டுப் பக்கத்தையும் அடைத்துவிட்டால் வரத்துநீர் தெருவில் நிற்கிறது, ஏரி தொட்டியாகிறது. சட்டத்துக்கே இது மெல்லப் புரிந்து வருகிறது. 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள் நீர்நிலையின் எல்லையோடு, அதைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியையும் தனியே வரையறுக்கச் சொல்கின்றன. 2022இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சுற்றுப்பகுதியை முறையாக அளந்து முடிக்கும்வரை எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி கூடாது என்று 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபோது எழுந்த கூக்குரல் சிறியதில்லை. வீட்டுக்கடன் வாங்கி முன்பணம் கட்டியவர்களின் தவிப்பு உண்மையானது. ஆனால் அந்தத் தவிப்புக்குக் காரணம் அகலமான விளிம்பு இல்லை. அகலம் உண்டு என்பதை நாற்பது ஆண்டுகள் தாமதமாக ஒப்புக்கொண்டதே காரணம்.

மூன்றாவது மறுப்பை யாரும் உரக்கச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு மிகவும் உறைப்பது அதுதான். அகலமான விளிம்பு என்று இனிக்கப் பேசுகிறோம். அந்த அகலத்தில் யாரைக் குடிவைத்தார்கள்? சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கிய புறஞ்சேரி அறவோர் வாழ்ந்த இடம். ஆனால் பிற்காலத்துச் செங்கல்பட்டில் ஊருக்குப் புறத்தே இருந்த சேரி வேறு. பங்குக்கரை வைத்திருந்தவர்களின் நிலத்தில் உழைத்தவர்களுக்குக் கரையும் இல்லை, குடியிருந்த மனைமேல் உரிமையும் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கை இதைத்தான் சொன்னது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி நில ஆணை 1892இல் அதைத் தொடர்ந்தே வந்தது. நம் காலத்திலும் நகரத்தின் நடுவிலிருந்து அகற்றியவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களில், பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அடுக்கி வைத்தோம். 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது அங்கே பல்லாண்டு குடியிருந்த எளிய குடும்பங்கள் வெளியேறின. ஆற்றின் அகலத்தை மீட்பது என்ற வேலை ஏழையின் வீட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுமானால், அகலம் பற்றிய இந்தப் பேச்சு முழுவதும் அநீதிக்குத் துணைபோகும். இந்த மறுப்புக்கு என்னிடம் இருக்கும் விடை ஒன்றுதான். கரை என்றால் பங்கு என்ற பழைய பொருளை எல்லாருக்கும் நீட்ட வேண்டும். ஆற்றோரத்தை விடச்சொன்னால், விடுகிறவருக்குப் பக்கத்திலேயே வீடு கொடுக்க வேண்டும்; இன்னொரு நீரோரத்தில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. அளவுகோல் குடிசைக்கும் பல்லடுக்குக்கும் கல்லூரிக் கட்டடத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தறியில் கரை கனமாக இருப்பது தேய்மானம் முழுவதையும் அது தாங்குவதால். தாங்குகிறவர்களுக்கு நெருக்கமான இழை கொடுக்காத துணி நிலைக்காது என்பது அனகாபுத்தூருக்குத் தெரியும்.

சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் தாம்பரம் தனி மாநகராட்சி ஆனது. நேற்றைய விளிம்பு இன்று நடு. வண்டலூருக்கும் கிளாம்பாக்கத்துக்கும் தெற்கே, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, ஆதனூர், மணிமங்கலம் என்று புதிய விளிம்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. அடையாறு உருவெடுப்பதும் அந்தப் பக்கத்து ஏரிகளில்தான். அங்கே இன்னும் உள்வாய்கள் திறந்திருக்கின்றன, கோடிகள் ஓடுகின்றன. அந்த ஊர்களில் சங்கிலி பிடிக்கப்போகும் நில அளவையர்களுக்கும், படத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கும், அங்கே மனை தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வோர் ஏரிக்கும் இரண்டு வரிசைக் கல் நடுங்கள், ஒன்று வழக்கமான ஆண்டில் நீர் நிற்கும் இடத்தில், மற்றொன்று 2015 டிசம்பரில் நீர் வந்து நின்ற இடத்தில்.